பழசு மாதிரியே

நான் தட்டினால் சீட்டு வருகிறது. அவர் தட்டினால் வரவில்லை. அப்படியானால் கோளாறு நிரலில் இல்லை, அவர் விரலில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது என்று ஸ்ரீவாணிக்குத் தெரியும். மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"நீங்க சொன்ன மாரியேதான் தட்டுனேன் மேடம்," என்றார் குப்புராஜ்.

லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பவர் அவர்; எடைமேடைக் கூண்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் சீட்டு அச்சிடப்பட்டதாகப் பச்சை எழுத்தில் செய்தி வந்திருந்தது. பக்கத்திலிருந்த பிரிண்டருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மேடைமேல், பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் வரிசை வளைந்து, கேட்டுக்கு வெளியே சிப்காட் சாலையில் எங்கே முடிகிறது என்று கூண்டிலிருந்து தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் தொழிற்சாலை அது. வருகிற லாரி எதுவானாலும் முதலில் எடைமேடையில் ஏறி, சரக்கோடு எடை போட்டு, சீட்டு வாங்க வேண்டும். சரக்கை இறக்கிவிட்டு வந்து காலி வண்டியாக மறுபடி எடை போட்டு இன்னொரு சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் உள்ளே ஒரு ஆணியை இறக்க முடியாது. வெளியே போகவும் முடியாது.

அந்தச் சீட்டை அடிக்கிற கம்ப்யூட்டர் நிரலை எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் சி மொழியில் எழுதியிருந்தார். கம்ப்யூட்டர்கள் டாஸில் ஓடிய காலத்துச் சரக்கு அது. அதைப் புதிதாக வாங்கிய லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதுதான் ஸ்ரீவாணிக்குக் கொடுத்த வேலை. அதற்காகவே அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். இன்று சாயங்காலம்வரை புதுசு தகராறில்லாமல் ஓடிவிட்டால் அவள் நிரந்தரம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து தன் சாமானை மாட்டிவிடும்.

மேனேஜர் ஜகந்நாதன் இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனிதர்தான். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: "பழசு மாதிரியே இருக்கணும்மா."

வேலை போனால் என்ன ஆகும் என்பதும் ஒளிவில்லாமல் ஏற்பாடாகியிருந்தது. பெங்களூரில் அக்கா ஸஹானா தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, கட்டில் போட்டு, திரைச்சீலைகூட மாட்டிப் படம் அனுப்பிவிட்டாள். தன் கணவரின் அலுவலகத்தில் ஸ்ரீவாணிக்கு ஒரு வேலைக்கும் சொல்லி வைத்திருந்தாள். திருவள்ளூரில் அம்மா மரகதவல்லிக்கு இதில் பரம சந்தோஷம். ஸஹானா மாதிரி இரு, ஸஹானா மாதிரி நட என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, ஸஹானாவின் வீட்டிலேயே, ஸஹானா வாங்கிய திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கப் போகிறோம் என்று நினைத்தாலே மூச்சு முட்டியது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதற்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

"எழுந்திருங்கோ, நான் ஒரு தடவை பாக்கறேன்," என்றாள் குப்புராஜிடம்.

அவர் எழுந்தார். அவள் தன் பெயரில் நுழைந்து அதே நிரலை ஓட்டினாள். பிரிண்டர் கர்ரென்று கிளம்பிச் சீட்டைத் துப்பியது.

"உங்க கைராசி மேடம்," என்றார் குப்புராஜ்.

கைராசி இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிரல் தானாக எதையும் அச்சடிக்காது. ஷெல் என்கிற இன்னொன்றைக் கூப்பிட்டு, இதை அச்சடி என்று ஒரு வரி சொல்லும். ஷெல் அந்த வேலையைச் செய்ததா, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டதா என்று கேட்காது. சொன்ன மாத்திரத்தில், ஆயிற்று என்று திரையில் போட்டுவிடும். டாஸில் ஷெல்லிடம் சொன்ன வார்த்தைகள் லினக்ஸில் செல்லாது என்பதால், அச்சடிப்பதற்கென்று ஸ்ரீவாணி ஒரு குட்டிக் கட்டளை எழுதி, கம்ப்யூட்டருக்குள் தன் பெயரில் இருந்த பெட்டியில் வைத்திருந்தாள். அவள் பெயரில் நுழைந்தால் ஷெல் அந்தப் பெட்டியில் தேடும். குப்புராஜ் பெயரில் நுழைந்தால், அப்படி ஒரு பெட்டி இருப்பதே அதற்குத் தெரியாது.

ஆபீஸில் உட்கார்ந்து ஆயிரம் தடவை சரிபார்த்ததெல்லாம் அவள் பெயரில். மற்றவர்களாக இருந்து பார்க்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அந்தக் கட்டளையைப் பொது இடத்துக்கு மாற்றி, நிரலில் அதன் முழு விலாசத்தையும் எழுதினாள்.

இப்போது குப்புராஜ் தட்டினாலும் சீட்டு வந்தது. மேடையில் நின்ற லாரி உள்ளே போயிற்று. அடுத்தது ஏறியது. அதுவும் போயிற்று. ஸ்ரீவாணி மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருமுன் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது.

எளாவூரிலிருந்து வருகிற டிரைவர் சாலமோன். வாரத்துக்கு ஒருமுறையாவது இந்த மேடையில் ஏறுபவர். கையில் சீட்டை விரித்துப் பிடித்திருந்தார்.

"மேடம், என் லாரியில இருக்கற இரும்பு எங்க?"

"லாரியிலதானே இருக்கு," என்றாள் ஸ்ரீவாணி.

"லாரியில இருக்குது. சீட்டுல இல்ல. எடை போடற எடம் மொட்டையா கீது பாருங்க. இத எடுத்துக்கினு உள்ள போனா, வர்ற வழியில வித்துட்டு வந்துட்டேன்னு சொல்லுவாங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். சரக்கு அனுப்பியவர் பெயர் ஆசீர்வாதம் அண்ட் சன்ஸ். சீட்டில் ஆசீர்வாதம் மட்டும் இருந்தார். மகன்களும் இல்லை, எடையும் இல்லை.

இதற்கும் காரணம் இருந்தது. பெயரின் நடுவில் 'அண்ட்' என்பதற்கு ஒரு சுழித்த குறி போட்டிருந்தார்கள். ஷெல்லுக்கு அந்தக் குறியைக் கண்டால் ஓர் உத்தரவு அதோடு முடிந்தது என்று அர்த்தம். ஆசீர்வாதம்வரை படித்துவிட்டு அதை அச்சடிக்க அனுப்பிவிட்டது. பிறகு 'சன்ஸ்' என்று ஒரு கட்டளை வந்திருக்கிறதே என்று தேடிப் பார்த்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்று கைவிட்டுவிட்டது. சன்ஸுக்குப் பின்னால் நின்ற எடையும் அவர்களோடு போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஜகந்நாதன் போனில் வந்தார். ஆபீஸ் கட்டடம் தொழிற்சாலையின் மறுகோடியில் இருந்தது. அவர் கூண்டுப் பக்கம் வருவதே இல்லை. அங்கே வருகிற தூசு அவருக்கு ஆகாது.

வரிசை வெளியே நிற்பதாக வாட்ச்மேன் சொன்னாரே என்று விசாரித்தார். சின்னப் பிரச்சினை, சரி செய்துவிட்டேன் என்று ஸ்ரீவாணி சொன்னாள். இன்னும் சரி செய்யவில்லை. ஆனால் அவள் வாயில் 'சரி' என்ற சொல் எப்போதும் ஒரு படி முன்னால் நிற்கும்.

"பழசுல இந்தத் தொல்லையே கிடையாதும்மா," என்றார் ஜகந்நாதன். கோபம் இல்லாத குரல். அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரே பட்டன். தட்டினா சீட்டு வந்துடும். குப்புராஜைக் கேளு."

குப்புராஜைக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். "ஆமா மேடம். ஒரே பட்டன்தான்."

இந்த ஒரே பட்டன் அவளைப் பல நாளாகத் தூங்கவிடவில்லை. பழைய நிரலை அவள் வரிவரியாகப் படித்திருக்கிறாள். வண்டி எண் கேட்கும். யாருடைய சரக்கு என்று கேட்கும். என்ன சரக்கு என்று கேட்கும். எடையைக் காட்டிச் சரியா என்று கேட்கும். நாலு கேள்விக்கும் பதில் சொன்னால்தான் சீட்டு. அதை எழுதியவர் எந்த மந்திரத்தால் ஒரே பட்டனில் முடித்தார் என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தான்தான் எதையோ படிக்காமல் விட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். நல்லவிதமாக ஓடிய ஒன்றை எடுத்துவந்து நாசமாக்குகிற ஆள் என்று தன்னைப் பற்றி ஒரு சித்திரம் அவள் மனசில் மெல்ல உருவாகிவந்தது. அதற்கு ஏற்கெனவே சட்டம் தயாராக இருந்தது, படம்தான் பாக்கி.

பழசு ஓடுகிறபோது ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேலையில் சேர்ந்த புதிதில் அவள் கேட்டாள். அன்றைக்கு லாரி அதிகம் என்றார் குப்புராஜ். இன்னொரு நாள் கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்றார். அவள் மூன்றாம் தடவை கேட்கவில்லை. நிரலை ஆபீஸ் அலமாரியில் இருந்த ஒரு பழைய ஃப்ளாப்பித் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். இப்போது அந்தப் பழைய கம்ப்யூட்டர் கூண்டின் மூலையில், பிளாஸ்டிக் உறைக்குள், நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனத்தோடு அமர்ந்திருந்தது.

"அத ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

குப்புராஜ் எழுந்து அதற்கும் அவளுக்கும் நடுவில் நின்றார்.

"வேணாம் மேடம். சாமி மாரி வெச்சிருக்கோம். அதுல கை வெச்சா எனக்கு மனசு கேக்காது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க காலையில பிரிண்டர் பின்னாலேர்ந்து கழட்டுனீங்களே பழைய ஒயரு, அத பழையபடி சொருவிட்டா இன்னிக்கு பொழுது ஓடிடும். யாருக்கும் தெரியாது."

அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. பழையபடி ஓட்டிவிட்டுப் புதுசு ஓடியதாகச் சொல்வதா? வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் ஷெல் நடுவில் வருவதைக் கண்டுகொள்ளாது. அப்படியே செய்தாள். ஆசீர்வாதத்துக்கு மகன்கள் திரும்பக் கிடைத்தார்கள், சாலமோனுக்கு இரும்பு கிடைத்தது. அவர் சீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப கரெக்டா கீது மேடம். நாஷ்டா துன்னீங்களா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றதும், அதனால்தான் இவ்வளவு பேஜாரு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த லாரி கிறிஸ்டினாஸ் மெட்டல்ஸ். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பெயரில் ஒரு சின்னக் கொக்கி, ஒற்றை மேற்கோள் குறி போலவே, மேலே தொங்கும். ஸ்ரீவாணி போட்டிருந்த மேற்கோளை அந்தக் கொக்கி பாதியில் மூடிவிட்டது. முடிவில் அவள் போட்ட குறி, மூடப்படாத இன்னொன்றைத் திறந்துவிட்டது. பாதியில் நிற்கிற வாக்கியத்தைக் கேட்டு ஷெல் எதையுமே செய்ய மறுத்தது. நிரல் வழக்கம்போல, ஆயிற்று என்று பச்சையில் போட்டது.

கிறிஸ்டினாஸின் டிரைவர் சீட்டு வராமலே, திரையில் பார்த்த பச்சையை நம்பி வண்டியை உள்ளே விட்டார். உள்ளே சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வருவதற்கு வழியில்லை, மேடையில் அடுத்த லாரி ஏறியிருந்தது. அது பின்னால் போக வேண்டும். அதன் பின்னால் நின்றவை எல்லாம் பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு டிரைவரும் மற்றவருடைய குடும்பத்தைப் பற்றிச் சில விவரங்களைச் சொன்னார். கூண்டின் தகரத்தில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"பேருலயே இவ்ளோ தகராறுன்னா, பேரு இல்லாத பார்ட்டியா பாத்து சரக்கு வாங்கச் சொல்லலாம் மேடம்," என்றார் குப்புராஜ்.

ஸ்ரீவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று பயமாகவும் இருந்தது. கொக்கியை நீக்கிவிட்டுப் பெயரை அனுப்பும்படி ஒரு வரி சேர்த்தாள். அது மட்டும் போதாது என்று தோன்றியது. மூலக் குற்றம் அதுவல்ல. ஷெல் என்ன பதில் சொன்னது என்று கேட்காமலே முடிந்ததாகச் சொல்கிற பழக்கம், அதுதான் குற்றம். அவளுக்கு அந்தப் பழக்கத்தை நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை அம்மாவிடம், அக்காவிடம், மேனேஜரிடம், கேட்டதைக் காதில் முழுதாக வாங்குமுன்னே சரி என்று சொன்னவள். பிறகு அந்தச் சரியைச் சுமந்துகொண்டு அலைந்தவள்.

அதனால் ஒரு வேகத்தில், ஷெல்லின் பதிலைக் கேள், வெற்றி கிடைக்கவில்லை என்றால் மறுபடி அனுப்பு, கிடைக்கும்வரை விடாதே என்று எழுதினாள். நிரலைத் தொகுத்து ஓட்டினாள். குப்புராஜ் கிறிஸ்டினாஸ் மெட்டல்ஸ் என்று அடித்தார்.

சீட்டு வந்தது. ஸ்ரீவாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுபடியும் கர்ரென்றது. இன்னொரு சீட்டு. பிறகு இன்னொன்று.

"காப்பி வெக்கிறீங்களா மேடம்?" என்றார் குப்புராஜ்.

அவள் திரையில் தான் எழுதிய வரிக்குத் திரும்பினாள். பழைய நிரலை எழுதியவர் தன் வேலையெல்லாம் நல்லபடி முடிந்தால் ஒன்று என்றும், கெட்டுப்போனால் பூஜ்யம் என்றும் சொல்கிறவர். அந்த ஓட்டத்திலேயே அவளும் எழுதிவிட்டாள். ஷெல்லுக்கு வழக்கம் தலைகீழ். அதற்குப் பூஜ்யம்தான் வெற்றி. ஒரு குறையும் இல்லை என்பதைத்தான் அது பூஜ்யம் என்று சொல்கிறது. அவளுடைய நிரல் பூஜ்யத்தைப் பார்த்து, ஐயோ தோல்வி என்று மறுபடி அனுப்புகிறது. ஷெல் மறுபடி வெற்றிகரமாக அடிக்கிறது. எவ்வளவுக்கு நன்றாக வேலை நடக்கிறதோ அவ்வளவுக்கு அது நிற்காது.

சீட்டுகள் மேசையிலிருந்து வழிந்து, நாற்காலி மேல் விழுந்து, தரைக்கு வந்து, வாசல்படி தாண்டின. கிறிஸ்டினாஸ் டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் வந்து ஆளுக்கொன்று எடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே வண்டி எண். அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. கையில் சீட்டு இருந்ததே போதும் என்று வண்டிகளுக்கு ஓடினார்கள். குப்புராஜ் கதவை மறித்துக்கொண்டு, அது உங்களுடையதில்லை, குடுங்க நைனா, குடுங்க என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். கடைசியில் பொறுக்க முடியாமல் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

பிரிண்டர் நின்றது. கம்ப்யூட்டரும் நின்றது. எடையைச் சிவப்பு எண்களில் காட்டுகிற டப்பாவும் அதே பிளக்கில் இருந்தது, அதுவும் அணைந்தது. கூண்டின் மின்விசிறியும் நின்றது. ரொம்ப நேரம் கழித்துக் கிடைத்த அந்த அமைதியில், வெளியே லாரிகளின் ஹாரன் துல்லியமாகக் கேட்டது.

ஸ்ரீவாணி தரையில் குந்தி உட்கார்ந்து சீட்டுகளைப் பொறுக்கினாள். விசித்திரமாக, மனசு அப்போதுதான் தெளிந்தது. இதைவிட மோசமாக இனி ஆக முடியாது என்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அக்கா வீட்டுத் திரைச்சீலையின் நிறம் என்ன என்று யோசித்துப் பார்த்தாள். வெளிர்நீலம். அதிலே சின்னச் சின்னப் பறவைகள். அந்தப் பறவைகளை நினைத்ததும், வேண்டாம் என்று தோன்றியது. முழு வார்த்தையாக, மனசுக்குள், ஒரு பிசிறும் இல்லாமல்.

பெயரை எதற்காக ஷெல்லிடம் கொடுக்க வேண்டும்?

அவள் பொறுக்குவதை நிறுத்தினாள். காலையிலிருந்து வந்த தகராறில் பாதி யார்யாருடைய பெயரையோ ஷெல் தன் உத்தரவாக நினைத்துப் படித்ததால் வந்தது. மேற்கோளும் கொக்கியும் பார்த்துப் பார்த்து ஒட்டுப்போடுவதை விட்டுவிடலாம். பெயரையும் எடையையும் நிரலே ஒரு கோப்பில் எழுதி வைக்கட்டும். ஷெல்லிடம், அந்தக் கோப்பை அச்சடி, அவ்வளவுதான், என்று எப்போதும் மாறாத ஒரே வரியைச் சொல்லட்டும். பதில் பூஜ்யமானால் ஆயிற்று என்று சொல்லட்டும். இல்லையென்றால் ஆகவில்லை என்று சிவப்பில் உண்மையைச் சொல்லட்டும்.

"பிளக்கை மாட்டுங்கோ," என்றாள். குப்புராஜ் அந்தக் குரலைக் கேட்டுச் சட்டென்று மாட்டினார்.

அவள் எழுதி முடிக்கிறவரை அவர் வெளியே போய் வரிசையைச் சமாளித்தார். டீக்கு ஏற்பாடு செய்தார். ஆரணிப் பக்கம் அவருக்கு நிலம் இருக்கிறது. இந்த வருஷ நெல்லைப் பற்றிப் பேசியே இரண்டு டிரைவர்களைச் சாந்தப்படுத்தினார். உள்ளே கூப்பிட்டபோது வந்து பயபக்தியோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கிறிஸ்டினாஸ் மெட்டல்ஸ் என்று மறுபடி அடித்தார்.

ஒரே ஒரு சீட்டு வந்தது. இருவரும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

அதன்பிறகு வந்தவர்களில் சன்ஸ் இருந்தார்கள், பிரதர்ஸ் இருந்தார்கள், பெயருக்குள் புள்ளியும் நட்சத்திரமும் வைத்த ஒருவர்கூட இருந்தார். எல்லோருக்கும் சீட்டு வந்தது. நடுவில் ஒருமுறை காகிதம் தீர்ந்தபோது நிரல் சிவப்பில், ஆகவில்லை என்றது. குப்புராஜ் பதறினார். ஸ்ரீவாணிக்கோ அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறது, ஆகவில்லை என்று. சொன்னதால் ஒன்றும் இடிந்து விழவில்லை. காகிதத்தை மாற்றினார்கள், ஓடியது.

வெயில் இறங்குகிற நேரத்துக்கு வரிசை கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு சாலமோன் மேடையில் ஏறினார். இறங்கி வந்து சீட்டுக்காக ஜன்னலோரம் நின்றார். அப்போது ஜகந்நாதன் கூப்பிட்டார். கையெல்லாம் பிரிண்டர் மசி ஒட்டியிருந்ததால் ஸ்ரீவாணி போனை மேசைமேல் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலாளியிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். காலையில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தாலும் மத்தியானத்துக்குமேல் ஒரு புகாரும் வரவில்லை, சென்னைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அவளுடைய ஆர்டரில் கையெழுத்தும் ஆயிற்று.

ஸ்ரீவாணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். பெங்களூர் அறை, கட்டில், பறவைகள் எல்லாம் அவளை விட்டு மெதுவாக, மரியாதையாக, தூரமாகப் போயின. நன்றி சார் என்று சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா," என்றார் ஜகந்நாதன். "இது நாலு கேள்வி கேக்குதாமே. பழசுல ஒரே பட்டன். முதலாளிக்கும் அது பழகிப்போச்சு. ஞாயித்துக்கிழமை ஃபாக்டரி லீவுதான், யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. வந்து பழசு மாதிரியே பண்ணிக் குடுத்துடு. சரியா?"

'சரி' வழக்கம்போல் கிளம்பி, அவள் பல்வரை வந்துவிட்டது.

ஜன்னலில் சாலமோன் சிரித்தார்.

"இன்னா மேடம், எந்தப் பழச சொல்றாரு?" போனுக்குக் கேட்காதபடி குரலை இறக்கி, மூலையிலிருந்த சந்தனப் பொட்டுக் கம்ப்யூட்டரைத் தாடையால் காட்டினார். "அது எப்பவோ ஒரு மழையில புட்டுக்கினு பூடுச்சே. அதுக்கு அப்பால அண்ணன் இந்த எடை டப்பாவுல ஒரு பட்டன் அமுக்குவாரு, சீட்டு வந்துடும். அந்த ஒயரத்தான காலையில நீங்க புடுங்கிட்டீங்க."

குப்புராஜ் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். கடைசியாக, வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல், ஸ்ரீவாணியைப் பார்த்து இரண்டு கையையும் மேசைக்குக் கீழே சேர்த்துக் கும்பிட்டார்.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்றது போன்.

"இருக்கேன் சார்," என்றாள் ஸ்ரீவாணி. சிரிப்பு மேலேறி வந்தது. அதை மெல்ல இறக்கி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நான் வரலை சார். பழசு மாதிரி இதை மாத்தவும் மாட்டேன்."